மடிப்பு மேசை மான்மியம்

மட்டக்களப்புக்கு ஒரு மான்மியம் உண்டு. எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் ஏட்டிலிருந்து எடுத்து 1962இல் அச்சேற்றித் தந்தார். குடிகளும் கோயில்களும் ஆண்டவர்களும் அடங்கியவர்களுமாக அதில் இல்லாத பெருமையில்லை. ஆனாலும் ஒரு பெருங்குறை. கடல் கடந்து பெட்டிக்குள் பள்ளிகொண்டு வந்து இறங்கும் மடிப்பு மேசையாரைப் பற்றி ஒரு வரியும் அதில் கிடையாது. ஏடெழுதியவர்களை நோவதில் பயனில்லை. நாலு பேர் கூடினால் அதுதான் விளையாட்டு என்று நம்பிக்கொண்டிருந்த வெள்ளை மனதுக்காரர்கள் அவர்கள். அவர்கள் விட்ட குறையை அமிர்தகழி மண்ணில் இருந்துகொண்டு அடியேன் நிறைவேற்றத் துணிகிறேன்.

முதலில் திருமேனி தரிசனம். நீளம் எட்டடி, அகலம் இரண்டடி. அலுமினியச் சட்டம், அதன் மேல் மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிச் செய்த நான்கு பலகைகள், பலகைக்கும் பலகைக்கும் நடுவே கீல். மடித்தால் கைபிடி வைத்த பெட்டி. விரித்தால் மேசைப்பந்து. பலகையைப் புரட்டினால் கரம். பச்சைத் துணியை ஒட்டினால் காட்ஸ். துணியை உரித்தால் இரு முனையிலும் பத்துப் பத்தாகக் கோப்பை வைக்கும் துளைகள். இந்த நால்வகை ஆற்றலையும் வியந்து பெட்டியின் மேலேயே 'நாலு இன் வன்' என்று பட்டம் பொறித்திருக்கிறார்கள். மும்முடிச் சோழன் என்ற பட்டத்தோடு இராசராசன் நின்றுகொண்டான், பாவம். இவருக்கு நான்கு முடி.

மேசையார் எழுந்தருளியது மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் திருவிழா நடக்கும் காலம். கோயில் வீதியில் கச்சான் கடைகள் முளைத்து, வெளியூர்ச் சனம் மாமாங்கக் குளத்தில் பிதிர்க்கடன் தீர்க்க வந்து சேரும் நாட்கள். கனடாவிலிருந்து வந்த மருமகப்பிள்ளை வானிலிருந்து பெட்டியை இறக்கியபோது, சுவாமி புறப்பாட்டுக்கு ஒதுங்குவதுபோல வீட்டார் அனைவரும் ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்காவிட்டால் மூலை முட்டியைப் பதம் பார்க்கும் என்பதும் உண்மைதான். மகான்களை நெருங்குவதற்கு ஒரு முறை உண்டல்லவா?

"மாமி, இத விரிச்சா நாலு விளையாட்டு விளையாடலாம்."

"ஓம் மகன். மறுகா எங்க இருந்து விளையாடுற?"

மாமிக்கு மேசையாரின் தத்துவம் விளங்கவில்லை. அவருடைய சந்நிதியில் யாரும் உட்கார முடியாது. கதிரையில் உட்கார்ந்தால் கழுத்தளவு உயரம், நின்றால் இடுப்புக்குக் கீழே. கூனி நிற்பதே முறை. பணிவில்லாத தலைமுறை என்று பிள்ளைகளைக் குறை சொல்லும் ஆசிரியர்கள் இந்த மேசையைப் பாடசாலைக்கு ஒன்று வாங்கிப்போடலாம்.

அதன்பின் பள்ளியெழுச்சி. பூட்டுவதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்திருந்தது. பல மொழிகள் இருந்தன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இரு பெரும் சமூகங்களையும் இத்தனை சமமாக நடத்திய ஆவணம் இந்த நாட்டில் வேறு எது? படங்களில் ஒருவர் ஒற்றைக் கையால் கீலை இழுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அமிர்தகழியில் அந்தக் கீலுக்கு மாமா, மருமகன், பக்கத்து வீட்டு மேசன், வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்த அவருடைய மச்சான் என நாலு பேர் தேவைப்பட்டார்கள். சிரிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. காலைப் பூட்டினால் பலகை கழன்றது; பலகையைப் பொருத்தினால் கால் மடிந்தது. நாலு ஆண்கள் ஒரு பின்னேரம் முழுவதும் ஒரே குறிக்கோளோடு நின்றதை அந்த வளவு வெகுகாலமாகக் கண்டதில்லை. நாலு விளையாட்டு என்று பெட்டியில் போட்டிருந்தது தன்னடக்கம். பூட்டுவதுதான் ஐந்தாவது, மற்ற நாலையும்விட நீண்டு நிற்பதும் அதுவே.

இங்கே மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணலைப் பிடித்து வைத்தே லிங்கமாக நின்றதாகச் சொல்லும் தலம் இது. அந்த மணலில் மேசையாரின் நாலு திருவடிகளும் நாலு வேறு ஆழத்துக்கு இறங்கின. ஒன்றுக்குச் செங்கல் கொடுத்தோம், ஒன்றுக்குத் தேங்காய் மட்டை, ஒன்றுக்குப் பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பி. நாலாவதற்கு ஒருவர் குந்தியிருந்து பிடித்தார். வெட்டவெளிக்கென்றே வடிக்கப்பட்டவர் என்று பெட்டி சொல்கிறது. வெளி என்றால் சீமெந்து வெளி, காற்றில்லாத வெளி, மழையில்லாத வெளி, மணலில்லாத வெளி. அப்படிப்பட்ட வெளிக்கு ஊரில் விறாந்தை என்று பெயர்.

மேசைப்பந்து என்றால் உலக விதி 2.74 மீற்றர் நீளம், 1.525 மீற்றர் அகலம், 76 சென்றிமீற்றர் உயரம் என்று அடம்பிடிக்கும். மேசையார் நீளத்தில் ஓரடி, அகலத்தில் மூன்றடி விட்டுக்கொடுத்திருக்கிறார். இக்காலத்தில் எல்லை விடயத்தில் இப்படி மூன்றடி விட்டுக்கொடுக்கும் ஒருவரை மட்டக்களப்புக் கச்சேரியில் தேடினாலும் காண முடியாது. முப்பது சென்றிமீற்றர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் இருபத்துமூன்று சென்றிமீற்றர் அளவுக்கு அது எழும்ப வேண்டும், பலகை முழுவதும் ஒரேமாதிரி எழும்ப வேண்டும் என்பது இன்னொரு விதி. நம்மவருடைய நாலு பலகைகளுக்கும் நாலு கொள்கை. முதற்பலகையில் பந்து எழும்பும், இரண்டாவதில் யோசிக்கும், மூன்றாவதில் உட்கார்ந்துவிடும், கீலில் பட்டால் ஆடுபவரை விட்டுப் பார்ப்பவரிடம் போகும். வேடிக்கை பார்க்க வந்தவரையும் இப்படி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மையைச் சீனத்துச் சாம்பியன்களின் மேசைகள் அறியுமா?

பந்தின் எடை 2.7 கிராம். ஆடியில் வீசுவது கச்சான் காற்று. இரண்டையும் சந்திக்க வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். ஒரு பந்து வேலிக்குள், ஒன்று கிணற்றுக்குள், ஒன்று வாவியை நோக்கி. துடுப்புகளைக் கீழே போட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடத் தொடங்கியவர்கள் பிறகு திரும்பி மேசையின் பக்கம் வரவில்லை. பந்துக்குப் பதில் சீனிப்புளியங்காய் எறிந்து விளையாடினார்களாம். உடற்பயிற்சிக்கு அவர்களைத் தூண்டிய புகழ் மேசையாரையே சாரும்.

கரத்துக்கு வருவோம். இந்த விளையாட்டின் சரித்திரம் முழுவதும் வறுமையின் சரித்திரம். 1988இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கரம் சம்மேளனம் சதுரம் என்ற ஒரு குறுகிய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டது. ஆடுதளம் ஒரு பக்கம் 74 சென்றிமீற்றர், மற்றப் பக்கமும் அதே. நமது மேசையாரின் அகலம் 61 சென்றிமீற்றர்தான். கட்டத்தைக் குறுக்குவதா, கொள்கையை மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தபோது கம்பனியார் துணிந்து நீள்சதுரக் கரத்தைப் படைத்துவிட்டார்கள். நீண்ட கட்டம் கோப்பைத் துளைகளின் பிரதேசத்துக்குள்ளும் கால் வைத்துவிட்டதால், நாலு குழியில் முடிய வேண்டிய விளையாட்டுக்குக் குழிகளும் பெருகின. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் ஒரு காய் எங்காவது விழும். திறமை, பயிற்சி, பொறுமை என்று மனிதர்களுக்கிடையே நிலவிய ஏற்றத்தாழ்வு ஒரே அடியில் ஒழிந்தது. சிவப்பை யார் போட்டார், எந்தத் துளையில் போட்டார், அது குழியா கோப்பைக்கு உரியதா என்ற வழக்கு மட்டும் மிச்சம்.

இதை எண்ணும்போது பழைய ஆட்டக்காரர்களுக்காக மனம் கசிகிறது. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்றார். 2012இல் கொழும்பில் நமது நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். இவர்கள் எல்லாரும் எதற்கும் மாறாத, எதற்கும் மடியாத, சதுரம் என்ற ஒரே வடிவத்தில் கிடந்த பலகையின் முன்னால் ஆயுளைக் கழித்தவர்கள். ஒரே விளையாட்டை விளையாடி விளையாடி அதில் கைதேர்ந்துவிட்ட பரிதாபம். நமது ஊர்க் கழகங்களோ அதிலும் கீழே. ஒரு தார்ப் பீப்பா. அதன் மேல் ஒரு கரம் போட். மேலே தொங்கும் ஒரு குண்டு பல்பு. ஒரு டப்பா பவுடர். போட்டைச் சுற்றி நாலு பேர், அவர்களைச் சுற்றி பதினைந்து பேர், "கட் அடி மச்சான், கட் அடி" என்று கத்துவதற்கு இன்னும் பத்துப் பேர். பீப்பா ஆடாது. போட் சரியாது. பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர் போன இடம் எது என்று யாருக்கும் சந்தேகம் வராது. இத்தனை சலிப்பூட்டும் உறுதியோடு எத்தனை வருடம் விளையாடினார்கள்!

காட்ஸுக்கு மேசையார் செய்த திருப்பணி தனி. முந்நூற்றிநாலு என்ற ஆட்டம் நம்மவர்களுக்குப் பாயில் பிறந்தது. முப்பத்திரண்டு காட்ஸ், ஜக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று எண்ணிக்கொண்டு போனால் ஒரு நிறத்துக்கு எழுபத்தாறு, நாலு நிறத்துக்கும் சேர்த்து முந்நூற்றிநாலு. ஒரு பாய் விரித்து, குப்பி விளக்கை ஓரத்தில் வைத்து, துரும்பை முழங்காலுக்குக் கீழே அமுக்கிக்கொண்டு விடியும்வரை இருப்பார்கள். ஊரடங்கு இரவுகள் பல அப்படித்தான் விடிந்தன. பாயில் இருப்பதால் கால் விறைக்கும், பக்கத்தில் இருப்பவரின் தோளில் சாய நேரும், சண்டைக்காரனும் எதிர்ப்பாய்க்காரனாகிவிடுவான். இந்த அசௌகரியங்களை எல்லாம் மேசையார் அறுத்தெறிந்தார். எட்டடி நீளத்தின் இரண்டு முனைகளில் இருவர் நின்றால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கேள்வி எத்தனைக்கு என்று கூவித்தான் சொல்ல வேண்டும். கூவினால் ஊருக்கே தெரியும். துணியில் வைத்த காட்டைக் காற்றுப் புரட்டிக் காட்டிவிடும். இரகசியம் அற்ற, வெளிப்படையான காட்ஸ். அரசாங்கத் திணைக்களங்களில் பேசப்படும் வெளிப்படைத்தன்மை முதலில் நடைமுறைக்கு வந்தது இந்தப் பச்சைத் துணியில்தான்.

அந்தத் துளைகளைப் பற்றிப் பேசாமல் கடந்து போவது அபசாரம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பிள்ளைகள் மேசைப்பந்து மேசையில் பியர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டு பந்தடித்தார்கள். பந்து எவன் கோப்பையில் விழுகிறதோ அவன் குடிக்க வேண்டும். அறிவுலகம் அவர்களுக்குப் பட்டம் வழங்கியது; சந்தை அவர்களுக்கு எட்டடிக்கு இரண்டடி மேசை செய்து கொடுத்தது. 2006 முதல் நெவாடா பாலைவனத்தில் அதற்கு உலகத் தொடரும் நடந்தது. தோற்றவனுக்குத் தண்டனை குடி. குடித்தவன் மேலும் தோற்பான். தோற்றவன் மேலும் குடிப்பான். இத்தனை ஒழுங்கான சக்கரத்தை நமது பெரியவர்கள் பிறவிச் சுழற்சியில் மட்டும்தான் கண்டிருந்தார்கள். இங்கேயோ ஆண்பிள்ளைகள் மதகில் குந்தியிருந்து, எந்த விதியும் இல்லாமல், வென்றாலும் தோற்றாலும் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சட்டதிட்டத்தோடு கூடிய ஒரு மேசையைக் கொண்டுவந்து சேர்த்தது எவ்வளவு பெரிய சமூக சேவை!

"இந்த ஓட்டை என்னத்துக்கு மகன்?" என்று மாமி கேட்டா. "ஜூஸ் வைக்க மாமி" என்றார் மருமகன். மாமி தலையாட்டிவிட்டுப் போனா. பெத்தா போகவில்லை. வெற்றிலை வட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு துளையில் பாக்கு, ஒரு துளையில் சுண்ணாம்பு டப்பி, ஒரு துளையில் பாக்குவெட்டி என்று வைக்கப் பார்த்தா. விளிம்பில்லாத எதையும் இந்தத் துளைகள் ஏற்பதில்லை. பாக்குவெட்டி நேரே பெத்தாவின் பெருவிரலுக்கு வந்தது. "மனே, இதில மீனாவது காயவைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நொண்டிக்கொண்டு போனா. அப்போது சிரித்தார்கள். அது தீர்க்கதரிசனம் என்று பின்னால்தான் தெரிந்தது.

எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதும் பெட்டி கூறும் மகிமைகளில் ஒன்று. ஒரு மாலை அவரைப் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் பார் வீதியால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேசையார் உள்ளே, இரண்டு பேர் வெளியே தொங்க, மற்றவர்கள் சைக்கிளில். 1913இல் கட்டிய வெளிச்சவீடு நூறு வருடங்களுக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கும் பிடிவாதக்காரர். அவருக்கு முன்னால் நமது மேசையார் தம்முடைய நெகிழ்ச்சியைக் காட்டினார்: விரித்து வைத்து, கைபேசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து முடியவும் ஒரு பக்கம் சரிந்துவிட்டார். படம் நன்றாக வந்திருந்தது. அன்றிரவே பேஸ்புக்கில் ஏறி, ரொறொன்ரோவிலிருந்தும் சுவிசிலிருந்தும் விருப்பக் குறிகள் குவிந்தன. விளையாடினால் அந்தப் புகழ் கிடைத்திருக்குமா? வியர்த்திருக்கும், தலை கலைந்திருக்கும், படம் கெட்டிருக்கும்.

இந்த இடத்தில் கொம்புமுறியை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. கண்ணகை அம்மன் சடங்கோடு பிறந்த அந்த மட்டக்களப்பு விளையாட்டு எத்தனை நாகரிகக் குறைவானது! ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிய வேண்டும். காட்டுக்குப் போய் வளைந்த வைரமான கொம்பு தேடி வெட்டிவர வேண்டும். இரு கொம்பையும் கொழுவி வடம் பூட்டி, இரு பக்கமும் ஆண்கள் இழுக்க, எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அது தோற்கும். தோற்ற சேரியை வென்ற சேரி பாட்டிலேயே வசை பாடும். வசை வாங்கினவர்களும் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். மாமன் வடசேரி, மருமகன் தென்சேரி என்று சேரி வழியே உறவுக்குள்ளும் கோடு விழும். பிறகு அதே உறவு அந்தக் கோட்டை அழிக்கும். போர்த்தேங்காயும் இப்படித்தான்: வைரமான ஓடு பார்த்துத் தேங்காய் தெரிந்து, ஒன்றோடு ஒன்றை மோதி, எது உடைகிறது என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டு நிற்பது. உடைந்த பொருள் எதுவென்று பாருங்கள்: காட்டில் மீண்டும் முளைக்கும் ஒரு கொம்பும், கறிக்குப் போகும் ஒரு தேங்காயும். விலை கொடுத்து வாங்கியது எதுவும் உடையவில்லை. உத்தரவாதக் கடதாசி இல்லை. இப்படிப்பட்ட விளையாட்டால் ஒரு நாட்டின் இறக்குமதி வணிகம் எப்படி வளரும்?

மேசையார் அந்தக் கூட்டத்தையும் கூச்சலையும் அடக்கியவர். இரண்டு பேர் ஆட இருபது பேர் அடங்கி நிற்கலாம். இருபதுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு இரண்டு. கடைசியில் மேசையார் தனியாக நின்றார். தனித்து நிற்கும் தலைவர்களைச் சரித்திரம் எப்போதும் மதித்திருக்கிறது.

அவர் புகழில் ஒரே ஒரு களங்கம் உண்டு. மறைப்பது நேர்மையாகாது. தீர்த்தத்தன்று கோயில் வீதியில் இளைஞர்கள் தாகசாந்தி வைத்தார்கள். மேசை போதாமல் இவரை இரவல் கேட்டார்கள். மோர்க் கோப்பைகள் அந்தத் துளைகளில் அளவெடுத்ததுபோலப் பொருந்தின. குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்த சனம் ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக் குடித்து, "நல்ல மேசை தம்பி" என்று சொல்லிப் போனது. பயன்பட்டார் என்ற அவப்பெயர் அவருக்கு வந்துவிடுமோ என்று அடியேன் பதறிவிட்டேன். நல்லவேளை, அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கால் மடிந்து, மோர் வீதியிலே தீர்த்தமாகி, அவர் மானம் காப்பாற்றப்பட்டது.

மருமகப்பிள்ளை திரும்பிப் போகும்போது விமானக் கம்பனியின் நிறைக் கணக்கு மேசையாருக்கு இடம் தரவில்லை. மாமி இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளும் கருவாடும் அந்த இடத்தைப் பறித்துக்கொண்டன. அவர் கொட்டிலில் நிரந்தர வாசம் கொண்டார். ஐப்பசியில் மாரி பிடித்தது. மரத்தூள் பலகைகள் ஈரம் குடித்துப் பொருமி, சப்பையாக இருந்த திருமேனி ஆங்காங்கே மேடு தட்டியது. இரண்டு பரிமாணத்தில் வந்தவர் மூன்றாவது பரிமாணத்தையும் தாமாகவே அடைந்தார். உப்புக்காற்றில் எஃகு ஆணியோடு ஒட்டிக்கிடக்கும் அலுமினியம் அரிபட்டு வெள்ளையாகப் பொடியும். அந்த வெண்பொடி கீல் தோறும் பூத்து, விபூதி பூசியதுபோலச் சைவப் பொலிவும் வந்துவிட்டது. எல் வடிவச் சாவி போன இடம் தெரியவில்லை. ஆகையால் இனி அவர் மடியவும் மாட்டார், விரியவும் மாட்டார். மாற்றமே இலட்சணமாக வந்தவர் மாற்றமில்லாத நிலை அடைந்தார். ஞானிகள் தவமிருந்து பெறும் நிலை.

இப்போது பெத்தாவின் செத்தல் மீன் அவர் மேல்தான் காய்கிறது. கோப்பைத் துளைகளால் கீழ்க்காற்றும் வருவதால் இரண்டு பக்கமும் ஒருசேரக் காய்கிறது என்று பெத்தா சொல்லுறா. பூனைகளும் மேசையாரின் உயரத்தை மெச்சுகின்றன.

மகிழ்ச்சியான சேதி ஒன்று. அடுத்த ஆடிக்கு இலண்டனிலிருந்து மூத்த மகன் வருகிறார். கூடவே 'ஆறு இன் வன்' எழுந்தருளுகிறார். ஊதுகாற்றில் வட்டு மிதக்கும் ஏர் ஹொக்கியும் அதில் உண்டாம். மின்சாரம் மட்டும் கொடுத்தால் போதுமாம். அயலவர்கள் சகலரும் வருகை தந்து சிறப்பிக்குமாறு வேண்டப்படுகிறார்கள். பெட்டி தூக்க நாலு பேர், கால் பூட்ட நாலு பேர், நீட்டு வயர் பிடிக்க ஒருவர், படம் எடுக்க ஒருவர் தேவை. விளையாட ஆள் தேவையில்லை.